தம்பி கேட்டு வைத்த நாவல்

நூலகத்திலிருந்து போன் வந்தபோது பெரியவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அடித்தது அவளுடைய போன் இல்லை, தம்பியுடையது. தம்பி செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. காவல் நிலையத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்த அந்தப் போனை அவள் தினமும் சார்ஜ் போட்டுக் கையோடு எடுத்துப் போவாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. அதுவரை விளம்பரக்காரர்கள்தான் அதில் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குப் பேசிய பெண், நீங்கள் கேட்டு வைத்த நாவல் உங்கள் முறைக்கு வந்திருக்கிறது, சீக்கிரம் வந்து வாங்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றாள். செத்தவன் பெயருக்கு வந்த புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லப் பெரியவளுக்கு வாய் வரவில்லை. வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மூத்த பிள்ளை என்பதால் வீட்டில் அவள் பெரியவள். நாற்பது தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. கல்யாணம் ஆயிற்று, ஒத்துவரவில்லை, கொண்டுபோன பெட்டியோடு திரும்பி வந்தாள். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நாமும் கிளற வேண்டாம். அவள் வந்தபோது அப்பா போய்ச் சேர்ந்திருந்தார், தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அதிலிருந்து அந்த இரண்டு அறை வீட்டை அக்காவும் தம்பியும்தான் இழுத்துப் பிடித்து நடத்தினார்கள். சண்டை போடுவார்கள், வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்கள், ஒருவர் வீடு திரும்பும்வரை மற்றவர் சாப்பிடமாட்டார்.

தம்பி ஒரு துப்பறியும் கதைப் பைத்தியம். அவன் வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு சிஐடி என்று பட்டப்பெயர். யாருடைய செருப்பு காணாமல் போனாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் புத்தகம் படிக்கிற முறையே தனி. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவான். அக்கா இஸ்திரி போடும்போது எதிரே உட்கார்ந்துகொண்டு அதுவரை வந்த கதையை ஒன்று விடாமல் சொல்வான். ஒரு தடயத்தைக்கூட மறைக்கக் கூடாது, மறைத்தால் ஆட்டம் செல்லாது. பிறகு கொலைகாரன் யார் என்று இருவரும் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், அப்புறம்தான் கடைசி அத்தியாயத்தைப் பிரிப்பது. தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். துப்பறிகிறவனே கொலைகாரன் என்று முடிகிற கதைக்கு மட்டும் பந்தயம் ரத்து. அது ஏமாற்று வேலை, கணக்கில் சேராது என்பது தம்பியின் தீர்ப்பு. அம்மாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கொலை, ரத்தம் என்று என்ன பேச்சு என்று முணுமுணுத்துவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

அப்படிப்பட்டவன் குளிரில் செத்தான். மீன் பெட்டிகள் அடுக்கும் உறைபனி அறையின் கதவுக்கு உள்பக்கம் ஒரு குமிழ் உண்டு. உள்ளே இருப்பவர் அதைத் தள்ளினால் கதவு திறந்துகொள்ள வேண்டும். அந்தக் குமிழ் இறுகிப்போய் வெகு நாளாயிற்று. சொல்லிப் பார்த்தார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அன்றைக்கு அவனுக்கு இரவு வேலை. அந்தக் கட்டையைத் தள்ளுவண்டி இடித்துத் தள்ளியதோ, யாராவது எடுத்தார்களோ, குளிர் வீணாகிறதே என்று ஒரு நல்லவர் கதவைச் சாத்திவிட்டுப் போனாரோ, தெரியாது. குளிரில் கெட்டுவிடும் என்று போனை வெளியே வைத்துவிட்டுப் போயிருந்தான். மறுநாள் காலையில்தான் திறந்தார்கள்.

உள்ளே போய்த் தூங்கிவிட்டான், அவனுடைய அலட்சியம் என்று கிடங்குக்காரர்கள் கையைக் கழுவிவிட்டார்கள். காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார், டீ குடித்தார், போனார். பெரியவள் வேலை முடிந்து வாராவாரம் நிலையத்துக்கு நடந்தாள். முதலில் விசாரணை நடக்கிறது என்றார்கள். பிறகு பெரிய அதிகாரி வெளியே போயிருக்கிறார் என்றார்கள். கடைசியாக, அதை விபத்து என்று அப்போதே முடித்தாயிற்றே, இன்னும் எதற்கம்மா வருகிறீர்கள் என்று எரிந்து விழுந்தார்கள். அன்றோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள். ஆனால் அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? அம்மா கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் உள்ளே நுழைந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்பாள். பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம் என்று இவள் சொல்வாள். அத்தோடு பேச்சு முடிந்தது. தட்டில் போட்டது போட்டபடியே இருக்கும். கன்னம் ஒட்டிப்போயிற்று, கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, நோய் என்று ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே சாப்பிடாமல் இருந்தால் ரொம்ப நாள் தாங்காது என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பெரியவள் கெஞ்சினாள், மிரட்டினாள், ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்தும் பார்த்தாள்.

"யாரு கதவைச் சாத்துனதுன்னு தெரியணும்டி" என்றாள் அம்மா. "அது தெரியாம எனக்கு உள்ள இறங்க மாட்டேங்குது."

இப்படி ஒரு வீட்டுக்குத்தான் அந்த நாவல் வந்து சேர்ந்தது. தடிப் புத்தகம். அட்டையில் கறுப்பாக ஒரு நகரம், அதில் ஒரே ஒரு சிவப்புச் சன்னல். பின்னட்டையில், இதைப் படித்தால் உங்களுக்குத் தூக்கம் வராது என்று யாரோ ஒருவர் உத்தரவாதம் கொடுத்திருந்தார். தூக்கம் போய் நான்கு மாதமான பெரியவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. பேருந்தில் போகும்போதும் வரும்போதும் படித்தாள். தம்பி படிக்க ஆசைப்பட்டது, அவனுக்குப் பதிலாகவாவது யாராவது படிக்கட்டும் என்பதைத் தவிர அவளுக்கு அதில் வேறு நாட்டம் இல்லை.

கதை இதுதான். எதிர்காலத்தில் ஒரு நாடு. கொடுங்கோல் என்றால் அப்படி ஒரு கொடுங்கோல். மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். சன்னலைத் திறக்கக் கூடாது. வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போகக்கூட மேலே இருப்பவரின் அனுமதி வேண்டும். எங்கள் நாட்டில் குற்றமே நடப்பதில்லை என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அந்த நாட்டில் ஒரு சாதாரணத் தொழிலாளி பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறான். கொலை என்று சொன்னால் சொன்னவன் தலை போகும். ஆனாலும் ஒரு துப்பறியும் அதிகாரி, ஒல்லியான ஆள், இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பவர், யாருக்கும் தெரியாமல் அந்தச் சாவை விசாரிக்கக் கிளம்புகிறார்.

கழிப்பறை விவகாரத்தை எழுத்தாளர் ஒன்றரைப் பக்கத்துக்கு நெஞ்சு பதறப் பதற வர்ணித்திருந்தார். பெரியவள் பேருந்திலேயே சிரித்துவிட்டாள். சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் அம்மாளிடம் கை தூக்கி அனுமதி வாங்காமல் அவள் ஒரு நாளும் போனதில்லை. எண்ணா? அவள் மேலங்கியில் முதுகுப்பக்கம் கொட்டை எழுத்தில் இருந்தது. சன்னலா? சலவைக்கூடத்துக்குச் சன்னலே கிடையாது. நாட்டில் இருக்கிற பயங்கரத்தையெல்லாம் கற்பனை செய்து திரட்டியதாக நினைத்துக்கொண்டு இந்த மனிதர் நம் திங்கட்கிழமையை எழுதி வைத்திருக்கிறாரே என்று அவளுக்குத் தோன்றியது. இதற்குத்தான் அத்தனை பேர் முறை போட்டுக் காத்திருக்கிறார்களாம். தம்பி, உனக்கும் காது குத்திவிட்டார்களடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. அந்த அதிகாரி. ஒரு கூலிக்காரன் செத்ததற்காக அவர் தூங்காமல் அலைகிறார். செத்தவனின் அறைக் கதவைப் போய்த் தொட்டுப் பார்க்கிறார், கீலில் விரலை வைத்து எண்ணெயை முகர்கிறார், தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போட்டுத் திறக்கிறார். அந்தப் பக்கத்தைப் பெரியவள் இரண்டு தடவை படித்தாள். அவளுடைய தம்பியின் கதவை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், அங்கிருந்து திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தாள்.

அம்மா வழக்கம்போல் கேட்டாள். அந்த நேரத்தில் பெரியவள் பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போடவில்லை. வாயில் அதுவாக வந்துவிட்டது.

"புதுசா ஒரு ஆபீசர் வந்திருக்காரும்மா. கிடங்குக்கே போய்க் கதவைத் தொட்டுப் பாத்தாராம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். எந்தக் கதவு, உள்பக்கமா வெளிப்பக்கமா, குமிழைப் பார்த்தாரா என்று கேள்விமேல் கேள்வி. பெரியவள் கீலையும் எண்ணெயையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே தட்டை முன்னால் நகர்த்தினாள். கேட்கிற மும்முரத்தில் அம்மா நாலு வாய் சாப்பிட்டுவிட்டாள். தான் சாப்பிட்டதே அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் என்ன, நிறுத்த முடியுமா? காலையில் பேருந்தில் படிப்பது, மாலையில் நிலையத்துக்குப் போய்க் கேட்டு வந்ததாக அம்மாவுக்குச் சொல்வது என்று ஆகிவிட்டது. நாவலில் அதிகாரி காவலாளியை மடக்கிக் கேள்வி கேட்டால், வீட்டில் கிடங்குக் காவலாளி மாட்டிக்கொண்டு முழித்தான். நாவலில் மேலதிகாரி மிரட்டினால், வீட்டில் கிடங்கு முதலாளி ஆள் விட்டு மிரட்டினார். நம் ஆபீசர் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. அம்மா முன்பெல்லாம் சத்தத்தைக் கூட்டி வைத்த தொலைக்காட்சியை இப்போது அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். தள்ளுவண்டிக்காரனை இன்னும் ஏன் விசாரிக்கவில்லை என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

அம்மா கேட்டதெல்லாம் நாவலில் இல்லை. ஆபீசருக்குக் கல்யாணம் ஆயிற்றா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா, அந்தக் காலுக்கு என்ன ஆயிற்று, அடிபட்டதா பிறவியா? எழுத்தாளருக்கு இதெல்லாம் தோன்றவேயில்லை. பெரியவள்தான் இட்டுக்கட்டினாள். சின்ன வயதில் அடிபட்டது, தனி ஆள், தாயார் இல்லை என்றாள். தாயார் இல்லை என்றதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவள் எழுந்து சமையலறைக்குப் போய், வேலையே இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தம்பியின் சாவை வைத்துக் கதை விடுகிறோமே என்று உடம்பு கூசியது. ஆனால் அடுப்படிக்கு வந்த தட்டு காலியாக இருந்தது.

புத்தகத்தை நீட்டித்துக் கேட்டுப் பார்த்தாள். பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள், முடியாது என்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கடைசி அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தாள். தம்பி இருந்திருந்தால் இங்கே நிறுத்தியிருப்பான். எதிரே உட்கார்ந்து யார் யார் என்று நச்சரிக்க இப்போது யாரும் இல்லை. அவளுக்குப் பந்தயம் முக்கியமில்லை, அம்மாவிடம் சொல்ல ஒரு முடிவு வேண்டும். கதவைச் சாத்தியவன் ஒருவன் வேண்டும். இத்தனை பக்கம் அலைந்த மனிதர் அதையாவது கண்டுபிடித்துக் கொடுப்பார் என்று நம்பி, சாப்பாட்டு இடைவேளையில், துவைத்த துணி மூட்டைமேல் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் பிரித்தாள்.

கொலைகாரன் அந்த அதிகாரியேதான். அரசாங்கம் அவர் மூளையிலிருந்து ஞாபகத்தைத் துடைத்துவிட்டதாம். அதை அவர் ஓர் உயரமான கோபுரத்தின் உச்சியில், மின்னல் வெட்டும்போது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பல பக்கங்களுக்குப் பேசிப் பேசித் தெரிந்துகொள்கிறார். அவ்வளவுதான், முற்றும்.

பெரியவளுக்குச் சப்பென்று போயிற்று. கோபம்கூட வரவில்லை. இந்த முடிவை எங்கே கொண்டுபோய் வைப்பது? மகனுக்காக அலைந்த ஒரே மனிதர்தான் மகனைக் கொன்றார் என்று அம்மாவிடம் சொல்ல முடியுமா? எழுத்தாளர் வாசகனை அசத்துவதிலேயே குறியாக இருந்திருக்கிறார். உள்ளே செத்துக் கிடந்தவனை எந்தப் பக்கத்தில் மறந்தார் என்று தேடினால் தெரியும். மேற்பார்வையாளர் அம்மாள் வந்து, நேரமாயிற்று என்று குரல் கொடுத்தாள். பெரியவள் புத்தகத்தை மூடிவிட்டு விரிப்புகளை மடிக்கப் போனாள்.

அன்று மாலை அம்மாவுக்கு அவளே ஒரு முடிவு சொன்னாள். அது கிட்டத்தட்ட உண்மை. குமிழ் ரிப்பேர், சொன்னதை யாரும் கேட்கவில்லை, கட்டையை நம்பித்தான் எல்லாரும் உள்ளே போய்வந்தார்கள், இதையெல்லாம் ஆபீசர் கண்டுபிடித்துவிட்டார் என்றாள்.

"சரிடி, சாத்துனது யாரு?"

"எல்லாருந்தாம்மா."

"எல்லாருமா ஒரு கதவைச் சாத்துவாங்க? ஒரு கைதானே சாத்தும்? அவரு பேரு சொல்லியிருப்பாரே."

மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார், அதற்குமுன் வெளியே சொல்லக் கூடாதாம் என்று பெரியவள் பூசி மெழுகினாள். அம்மா விடவில்லை. அப்படியானால் அவரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும், பெற்ற பிள்ளைகூட இப்படி அலைந்திருக்காது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். அடுத்த வாரம் கூட்டிப் போகிறேன் என்றாள் பெரியவள். அடுத்த வாரத்துக்குள் ஏதாவது தோன்றாதா என்ன என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்து நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நூலகக்காரி ஆர்வமாக, எப்படி இருந்தது, பயந்துவிட்டீர்களா, நான் இரண்டு நாள் விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினேன் என்றாள். பெரியவள் பதில் சொல்லாமல் வந்துவிடத்தான் நினைத்தாள்.

"இதுல பயப்பட என்னங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். "அவ்வளவு கெட்ட ஊரு. அங்ககூட ஒரு கூலிக்காரன் செத்ததுக்கு ஒருத்தர் போய்க் கதவைத் தொட்டுப் பாக்குறாரு. எங்களுக்கு அது கிடைக்கலையே."

நூலகக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. முடிவு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, இதே எழுத்தாளரின் அடுத்த நாவலுக்குப் பெயர் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெரியவள் வெளியே வந்தாள்.

வீடு பூட்டிக் கிடந்தது. தம்பி போன பிறகு அம்மா தெருவில் கால் வைத்ததில்லை. பெரியவள் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கேட்டாள். அம்மா மத்தியானமே நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு போனார்கள், முகம் தெளிவாகத்தான் இருந்தது என்றாள் அவள். எங்கே போயிருப்பாள் என்று பெரியவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நிலையத்தை நோக்கி ஓடினாள். தெருமுனையிலேயே அம்மா எதிரே வந்துகொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

என்ன நடந்தது என்று கேட்கப் பெரியவளுக்குத் தைரியம் இல்லை. அப்படி ஒரு ஆள் இங்கே கிடையாது என்று சொல்லியிருப்பார்கள், மகள் சொன்னது அத்தனையும் பொய் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், இனிமேல் தன் முகத்தில் எப்படி விழிப்பாள் என்று நினைத்துக்கொண்டே கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாத்திட்டாங்களாம்டி" என்றாள் அம்மா.

"யாரை?"

"நம்ம ஆபீசரைத்தான். வாசல் மேசையில ஒருத்தர் இருந்தாரு. பாவம், அவருக்கு என்ன வேலையோ, தலையைக்கூட நிமிர்த்தல. காலைச் சாச்சு நடப்பாரே, கிடங்குக் கேசைப் பாக்குறவரு, அவரைப் பாக்கணும்னு சொன்னேன். அவரா, அவரு மாத்தலாகிப் போயிட்டாரும்மான்னு உடனே சொல்லிட்டாரு. எந்த ஊருன்னு கேட்டேன். தூரம்னாரு."

இல்லாத ஒரு மனிதரைக் கேட்டு ஒரு தாய் வந்து நிற்கிறாள். அப்படி யாரும் இல்லை என்று சொல்வதற்குக்கூட ஒரு நிமிடம் அவள் கேட்டதை யோசித்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைக்கூட அவர்கள் தம்பிக்காகச் செலவழிக்கவில்லை. பெரியவள் இத்தனை நாள் சொன்ன பொய்யை அவர்கள் ஒரே வார்த்தையில் உண்மையாக்கி, அதே வார்த்தையில் தீர்த்தும் கட்டிவிட்டார்கள்.

"கண்டுபிடிச்சாருல்ல, அதான் தூக்கிட்டாங்க" என்றாள் அம்மா. "விட்டு வைப்பாங்களா? அவனுக்குன்னு கேக்க இருந்தது அந்த ஒருத்தருதான்."

அந்த மாதிரி ஒருவர் இல்லவே இல்லை என்று இப்போது சொல்லிவிடலாமா என்று பெரியவள் நினைத்தாள். சொன்னால் என்ன மிஞ்சும்? மகன் செத்து இத்தனை மாதத்தில் உலகத்தில் ஒருவர்கூட அந்தக் கதவைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் மிஞ்சும். அதை இந்த உடம்பு தாங்காது. எழுந்துபோய்த் தட்டில் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"திரும்பி வருவாரும்மா. மாத்தலானவங்க திரும்பி வர்றது இல்லையா?"

அம்மா தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். கோபமாக இல்லை, கீழே சிந்தாமல் பதனமாகத்தான் வைத்தாள்.

"வர மாட்டாருடி" என்றாள். "நீ சாப்பிடு. எனக்கு வேணாம்."